ஹாலோவீனும் நம் வீட்டுப் பிள்ளைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செப்டம்பர் முடிந்தால் போதும், நியூஜெர்சியில் எங்கள் குடியிருப்புக்குப் புதிதாக வந்த தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக என்னைப் பிடித்துக்கொள்ளும். "அக்கா, இந்த ஹாலோவீனுக்கு என்ன பண்ணணும்? பிள்ளைங்களுக்கு அவ்வளவு மிட்டாயைக் கொடுக்கணுமா?" இங்கே வந்து 14 ஹாலோவீன் பார்த்துவிட்டேன். மகன் இனி வேஷம் போடமாட்டேன் என்று சொல்லும் வயதுக்கு வந்துவிட்டான். மகளுக்கு 7 வயது, ஆகஸ்டிலேயே திட்டம் போடத் தொடங்கிவிடுவாள். நான் மருத்துவர் இல்லை. சமையலறையும் வாசற்படியும் கற்றுக்கொடுத்ததோடு, படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஹாலோவீன் என்பது பேய்ப் பண்டிகையா?

பாதி சரி. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வாழ்ந்த கெல்டிக் மக்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாளை சாவன் என்று கொண்டாடினார்கள். அன்று இறந்தவர்களின் உலகத்துக்கும் நம் உலகத்துக்கும் நடுவே உள்ள கதவு திறக்கும் என்பது நம்பிக்கை. பிறகு கிறித்தவ மரபில் நவம்பர் 1 அனைத்துப் புனிதர்கள் திருநாள் ஆனது. அதற்கு முந்தின இரவு என்பதுதான் ஹாலோவீன் என்ற பெயருக்கே பொருள். மறுநாள், நவம்பர் 2, நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றும் கல்லறைத் திருநாள். எல்லாம் ஒரே கொடியில் காய்த்த காய்கள்தான்.

அயர்லாந்தில் முதலில் குடைந்து விளக்கு வைத்தது டர்னிப் கிழங்கை. அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்தவர்கள், இங்கே பெரிதாக விளையும், குடைவதற்கும் சுலபமான பூசணிக்கு மாறிக்கொண்டார்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் "பேய் வேஷமெல்லாம் வேண்டாம்" என்கிறார். என்ன சொல்வது?

என் மாமியாரும் அதையேதான் சொன்னார். வாசலில் முகம் வெட்டிய பூசணியைப் பார்த்ததும் அவரே, "இது நம்ம திருஷ்டிப் பூசணிதானே, வெள்ளைக்குப் பதிலா மஞ்சளா இருக்கு" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. கோரைப்பல்லும் உருட்டு விழியும் வரைந்த வெண்பூசணியைக் கட்டடத்தில் கட்டித் தொங்கவிடும் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இதில் பயப்பட என்ன இருக்கிறது? பேய் வேஷம் போட்டே ஆகவேண்டும் என்றும் இல்லை. வண்ணத்துப்பூச்சி, தீயணைப்பு வீரர், வாழைப்பழம் என்று எது வேண்டுமானாலும் போடலாம். குடும்பத்தில் யாருக்காவது உண்மையிலேயே ஒப்பவில்லை என்றால் அன்றைக்கு வாசல் விளக்கை அணைத்து வையுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அன்று மாலை என்னதான் நடக்கும்?

வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகச் சின்னக் குழந்தைகள் 5 மணிக்கே கிளம்பிவிடுவார்கள், பெரிய பிள்ளைகள் 8, 8.30 வரை சுற்றுவார்கள். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம் என்று பொருள். மணி அடித்து "ட்ரிக் ஆர் ட்ரீட்" என்பார்கள்; வேஷத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை பாராட்டி, ஒரு மிட்டாய் கொடுப்பீர்கள்; "தேங்க் யூ" சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவார்கள். அவ்வளவுதான். 2007-லிருந்து இங்கே குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை நவம்பர் முதல் ஞாயிறன்றுதான் ஒரு மணி நேரம் பின்னால் திருப்புகிறார்கள். அதனால் ஹாலோவீனன்று எங்கள் பக்கம் கிட்டத்தட்ட 6 மணி வரை வெளிச்சம் இருக்கும்.

இதே பழக்கம் ஊருக்கு ஊர் வேறு மாதிரி. ஸ்காட்லாந்தில் சும்மா கை நீட்டினால் கிடைக்காது. குழந்தை ஒரு பாட்டோ கவிதையோ சொல்லிக் காட்ட வேண்டும். அயோவாவின் டெ மாய்ன் நகரத்தில் நீண்ட காலமாகவே வாசலில் நின்று ஒரு ஜோக் சொன்னால்தான் மிட்டாய். எனக்கு அந்த வழக்கம் ரொம்பப் பிடிக்கும். எங்கள் வீட்டு வாசலிலும் "ஜோக் சொன்னால் கூடுதலாக ஒன்று" என்று எழுதி வைத்திருக்கிறேன். நாலு வயதுக் குழந்தைகள் முடிவே இல்லாத ஜோக் சொல்வார்கள். பின்னால் நிற்கும் கூட்டம் பொறுமையாகக் காத்திருக்கும்.

அக்டோபர் 31 காலையில் எங்கள் மரமெல்லாம் டாய்லெட் பேப்பர். யாருக்காவது எங்கள் மேல் கோபமா?

இல்லை. முந்தின இரவுக்கு நியூஜெர்சியில் மிஸ்சிஃப் நைட் என்று பெயர். விடலைப் பையன்கள் அன்று சேட்டை செய்வார்கள். நாங்கள் வந்த முதல் வருடம் நானும் இப்படித்தான் பயந்து போனேன். மழை வருவதற்குள் எடுத்துவிடுங்கள். நனைந்தால் கிளையோடு ஒட்டிக்கொள்ளும்.

வாசலுக்கு வரும் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுக்க மனசு வரவில்லை. ஆரோக்கியமாக என்ன கொடுக்கலாம்?

வாசலில் நின்று யாருக்கும் பாடம் எடுக்காதீர்கள், அதுதான் முதல் விஷயம். பல் துலக்கும் பிரஷ் கொடுக்கும் வீட்டைத் தெருக் குழந்தைகள் பத்து வருடம் நினைவு வைத்திருப்பார்கள், அன்போடு அல்ல.

ஆனால் சாக்லேட் இல்லாவிட்டால் குழந்தைகள் முகம் சுருங்கிவிடும் என்பதும் உண்மை இல்லை. கனெக்டிகட் மாநிலத்தில் 3 முதல் 14 வயது வரை 284 குழந்தைகளிடம் ஹாலோவீன் இரவில் ஒரு தட்டில் மிட்டாயும் இன்னொரு தட்டில் சின்னப் பொம்மைகளும் நீட்டி, ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் பொம்மையை எடுத்தார்கள். 2003-ல் வெளிவந்த ஆய்வு இது. அதைப் படித்த பிறகுதான் நான் துணிந்து இரண்டு கிண்ணம் வைக்கத் தொடங்கினேன்.

இரண்டாவது கிண்ணத்தில் இருட்டில் ஒளிரும் குச்சி, ஸ்டிக்கர், சோப்புக் குமிழிக் குப்பி, பிளாஸ்டிக் சிலந்தி மோதிரம் போட்டு வைப்பேன். ஒளிரும் குச்சிதான் முதலில் தீரும். அதைக் கையில் கட்டிக்கொண்டு போனால் கார் ஓட்டுபவர்களுக்கும் குழந்தை தெரியும். சாப்பிடும் பொருளே வேண்டுமென்றால் சின்ன பிரெட்சல் பாக்கெட், சர்க்கரை சேர்க்காத ஆப்பிள் கூழ்ப் பை, பாப்கார்ன் பாக்கெட் இருக்கின்றன. எதுவானாலும் கடையில் ஒட்டி மூடியதாக இருக்கட்டும்.

நம் வீட்டு முறுக்கு, கடலை மிட்டாய் கொடுத்தால் என்ன? அதைவிட ஆரோக்கியம் உண்டா?

கொடுக்காதீர்கள். முன்பின் தெரியாத வீட்டில் செய்த தின்பண்டத்தை இங்கே பெற்றோர் பிரித்துக்கூடப் பார்க்காமல் குப்பையில் போட்டுவிடுவார்கள். மணிக்கணக்காகச் சுற்றிய முறுக்கு குப்பைக்குப் போவதை என்னால் தாங்க முடியாது.

ஒவ்வாமை அதைவிடப் பெரிய காரணம். வேர்க்கடலையின் ஒரு துணுக்கு பட்டாலே மூச்சு அடைத்துப் போகும் குழந்தைகள் இருக்கிறார்கள். நமக்கு எள் என்பது பண்டிகைச் சாமான், இட்லிப் பொடியில்கூட இருக்கும். ஆனால் 2023 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் எள்ளும் ஒன்பதாவது முக்கிய ஒவ்வாமைப் பொருளாக உணவு லேபிளில் வந்துவிட்டது. எள்ளுருண்டையும் கடலை மிட்டாயும் தெரிந்தவர் வீட்டுக்கு, கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள்.

சில வீட்டு வாசலில் நீலப்பச்சைப் பூசணி இருக்கிறதே, அது எதற்கு?

டீல் பம்ப்கின். ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்காக, உணவு அல்லாத பரிசும் இங்கே உண்டு என்பதற்கான அடையாளம். டென்னசி மாநிலத்தில் 2012-ல் தொடங்கி, 2014-ல் ஃபேர் என்ற உணவு ஒவ்வாமை அமைப்பு நாடு முழுவதும் பரப்பியது. உங்கள் பிள்ளைக்கு ஒவ்வாமை இருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள். பெரிய அளவில் ஒத்துக்கொண்ட அதே சாக்லேட், ஃபன் சைஸ் எனும் குட்டி அளவில் வேறு சேர்மானத்தோடு வரலாம், வேறு தொழிற்சாலையிலிருந்தும் வரலாம். பாக்கெட்டில் சேர்மானப் பட்டியல் இல்லை என்றால் அது வேண்டாம். எபிபென் (கடும் ஒவ்வாமைக்கு உடனே போடும் ஊசி) பையில் இருக்கட்டும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு மிட்டாய் சாப்பிடலாம்?

அமெரிக்க இதயச் சங்கம் 2 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்குச் சொல்வது, சேர்க்கப்பட்ட சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது 6 டீஸ்பூனுக்குள். ஒரு ஃபன் சைஸ் சாக்லேட்டில் பெரும்பாலும் 7 முதல் 10 கிராம் சர்க்கரை. மூன்று பிரித்தால் அன்றைய கணக்கு முடிந்தது. 2 வயதுக்குக் கீழே சேர்த்த சர்க்கரையே வேண்டாம்.

ஆனால் இது வருடத்தில் ஒரு இரவு. அந்த ஒரு இரவுக்காகத் தராசைத் தூக்காதீர்கள். மீதி 364 நாளும் ஜூஸ், பிஸ்கட், "எனர்ஜி" பானம் என்று உள்ளே போவதுதான் என் கவலை.

நிறைய மிட்டாய் தின்றால் பிள்ளைகள் துள்ளிக் குதிக்கிறார்களே, சர்க்கரைதானே காரணம்?

அப்படித்தான் எல்லோரும் நம்புகிறோம். 1995-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஓர் ஆய்வு, அதுவரை நடந்த பல சோதனைகளைச் சேர்த்து அலசிப் பார்த்தது. சர்க்கரையால் குழந்தைகளின் நடத்தை மாறுவதாகத் தெரியவில்லை. வேஷம், இருட்டு, நண்பர் கூட்டம், தூங்கும் நேரம் தாண்டியது, இவ்வளவும் சேர்ந்தால் யார்தான் துள்ளமாட்டார்கள்?

பை நிறையக் கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது என்ன செய்வது?

இதில்தான் எங்கள் வீட்டில் அதிகத் தவறு நடந்தது. முதல் சில வருடம் அலமாரி உச்சியில் ஒளித்து வைத்தேன். ஒருநாள் மகனின் மெத்தைக்கு அடியில் சாக்லேட் உறைகள் மடிப்பு மடிப்பாகக் கிடந்தன. ஒளித்தது நான், திருடக் கற்றுக்கொண்டது அவன்.

இப்போது செய்வது எலன் சாட்டர் என்ற உணவியலாளர் சொன்ன வழிக்கு நெருக்கமானது. கிளம்புவதற்கு முன் வயிறு நிறையச் சாப்பாடு. அன்று 5 மணிக்கே சப்பாத்தியும் சுண்டலும். திரும்பி வந்ததும் மகள் கூடத்துத் தரையில் பையைக் கொட்டுவாள். வகை பிரிப்பாள், அடுக்குவாள், அண்ணனோடு பண்டமாற்று செய்வாள். "இரண்டு புளிப்பு கொடுத்தா ஒரு கிட்கேட்." இந்தப் பேரம் அரை மணி நேரம் ஓடும். தின்பதைவிட இதில்தான் அவளுக்கு ருசி. அன்றும் மறுநாளும் எவ்வளவு வேண்டுமோ தின்னலாம், நான் வாயைத் திறக்க மாட்டேன். மூன்றாம் நாளிலிருந்து சாப்பாட்டோடு ஒன்று, மாலைச் சிற்றுண்டியோடு ஒன்று. நவம்பர் நடுவில் பை எங்கே இருக்கிறது என்றே மறந்துவிடுகிறாள்.

சில வீடுகளில் ஸ்விட்ச் விட்ச் என்று ஒரு சூனியக்காரி இரவில் வந்து மிட்டாயை எடுத்துக்கொண்டு பொம்மை வைத்துவிட்டுப் போவாள். சின்னக் குழந்தைகளுக்கு நன்றாக வேலை செய்யும். சில பல் மருத்துவர்கள் மிச்ச மிட்டாயை எடைக்கு வாங்கிக்கொண்டு காசு கொடுப்பதும் உண்டு.

பல்லுக்கு எது மோசம்?

ஒட்டுவதும், வெகுநேரம் வாயில் ஊறுவதும். கேரமல், கம்மி என்ற ஜவ்வு மிட்டாய், லாலிபாப் எல்லாம் அந்த வகை. சாதாரணச் சாக்லேட் எச்சிலில் சீக்கிரம் கரைந்து போய்விடும். உலர்திராட்சை ஆரோக்கியம் என்று நினைத்துப் பெட்டி பெட்டியாகக் கொடுக்கிறோம். சர்க்கரை சேர்க்காதது என்பது சரிதான், ஆனால் அதுவும் பல் இடுக்கில் ஒட்டும். நாள் முழுக்க ஒவ்வொன்றாகக் கொறிப்பதைவிடச் சாப்பாட்டோடு சேர்த்துத் தின்றுவிட்டுப் பல் துலக்குவது மேல்.

மிட்டாய்க்குள் ஊசி, பிளேடு வைக்கிறார்கள் என்கிறார்களே?

ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் பல பத்தாண்டுச் செய்திகளைத் தேடிப் பார்த்தார். முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயால் குழந்தை இறந்ததாகவோ பலத்த காயம் அடைந்ததாகவோ உறுதியான சம்பவம் ஒன்றும் அவருக்குக் கிடைக்கவில்லை. 1974-ல் டெக்சாஸில் ஒரு சிறுவன் விஷம் கலந்த மிட்டாயால் இறந்தது உண்மை. கொடுத்தது காப்பீட்டுப் பணத்துக்கு ஆசைப்பட்ட அவன் சொந்தத் தகப்பன். பிரிந்த பாக்கெட்டைத் தூக்கி எறியுங்கள், போதும். அன்று இரவு உண்மையான ஆபத்து கார்தான். தெரு கடக்கும்போது கையைப் பிடியுங்கள்.

வீட்டில் சின்னதாகப் பார்ட்டி வைக்கிறோம். என்ன செய்யலாம்?

உங்கள் ஆசையெல்லாம் தீர்த்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். தெரிந்த குழந்தைகள், ஒவ்வாமை இருக்கிறதா என்று முன்கூட்டிக் கேட்டுவிடலாம், சமைத்ததைத் தைரியமாக வைக்கலாம்.

சுலபமானது மாண்டரின் ஆரஞ்சு. தோலை உரித்து, நடுவில் செலரித் தண்டு ஒரு துண்டு செருகினால் குட்டிப் பூசணி. வாழைப்பழத்தைக் குறுக்கே பாதியாக வெட்டி நிமிர்த்தி வைத்து, தயிரில் முக்கி, சாக்லேட் துணுக்கில் இரண்டு கண் வைத்து உறைய வைத்தால் பேய்.

எங்கள் வீட்டில் பெயர் எடுத்தது மூளை. இடியாப்ப மாவைப் பீட்ரூட் சாறு விட்டுப் பிசைந்து, இட்லித் தட்டில் குவியலாகப் பிழிந்து ஆவியில் வேக வையுங்கள். வெந்து இறக்கியதும் செக்கச்செவேல் என்று சுருள் சுருளாக இருக்கும். ஒரு தட்டில் இரண்டு குவியலை ஒட்டி வைத்து "மூளை" என்று சொன்னால் போதும். தேங்காய்ப்பால் ஊற்றினால் நிறம் கசிந்து இன்னும் பயங்கரமாகிவிடும். அமெரிக்கக் குழந்தைகள் "யக்" என்று கத்திக்கொண்டே மூன்றாவது தடவை கேட்டார்கள். இடியாப்பம் தொடாத என் மகளும் அன்று தின்றாள். நல்லெண்ணெய் மட்டும் தடவாதீர்கள், எள் கதை முன்பே சொன்னேனே. தேங்காய் எண்ணெய் போதும்.

இட்லிக்குக் கறுப்பு ஆலிவ் துண்டில் கண் வைத்தால் அது ஆவி. குழந்தைகள் தாங்களே கண் வைக்கட்டும். ஒவ்வொரு இட்லியும் ஒவ்வொரு பக்கம் முறைக்கும்.

பூசணி விதையை எறியாதீர்கள். நாரிலிருந்து அலசி எடுத்து, உப்புத் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, துணியில் நன்றாக ஈரம் போக உலர்த்துங்கள். கொஞ்சம் எண்ணெய், மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் புரட்டி, 350 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் 15, 20 நிமிடம். நடுவில் ஒருமுறை கிளறிவிடுங்கள். ஈரம் இருந்தால் மொறுமொறுப்பு வராமல் சவசவ என்று ஆகிவிடும்.

பள்ளிப் பார்ட்டி வேறு கதை. பல பள்ளிகளில் கடையில் வாங்கியதை மட்டுமே அனுமதிப்பார்கள். வகுப்பு ஆசிரியரிடம் கேட்காமல் எதையும் அனுப்பாதீர்கள்.

2, 3 வயதுக் குழந்தைக்கு?

4 வயதுக்குக் கீழே கடின மிட்டாய், முழுக் கொட்டைகள், பாப்கார்ன், மேலே சொன்ன பூசணி விதை எதுவும் வேண்டாம். தொண்டையில் சிக்கும். திராட்சைப் பழத்தை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். இந்த வயதில் மூன்று வீடு போனாலே அவர்களுக்குத் திருவிழா.

வேஷத்துக்கு எவ்வளவு செலவழிக்க வேண்டும்?

பள்ளியில் மாறுவேடப் போட்டி பார்த்து வளர்ந்தவர்கள் நாம், கடைக்குப் போக வேண்டியதே இல்லை. மகனுக்கு 6 வயதில் கறுப்புக் கோட்டு, முண்டாசு, மையால் மீசை எல்லாம் வைத்துப் பாரதியார் ஆக்கி அனுப்பினேன். முதல் வீட்டில் மந்திரவாதி என்றார்கள், இரண்டாவது வீட்டில் கடற்கொள்ளைக்காரன். மூன்றாவது வீட்டில் அவனே முந்திக்கொண்டு "ஐ ஆம் எ போயட்" என்றான். கூடுதலாக ஒரு சாக்லேட் கிடைத்தது.

முகமூடி கண்ணை மறைக்கும், முகச்சாயம் நல்லது. உடை தரையில் இழுபடக் கூடாது. குளிரும் என்பதால் உள்ளே கனத்த உடை போடும் அளவுக்குத் தொளதொளப்பாக எடுங்கள்.

மிட்டாய் இல்லாமல் குடும்பமாகச் செய்ய என்ன இருக்கிறது?

நிறைய. அக்டோபரில் பண்ணைக்குப் போய், வைக்கோல் வண்டியில் ஏறி, பூசணியைக் கொடியிலிருந்தே எடுத்து வருவோம். வரும் வழியில் ஆப்பிளும் பறிப்போம்.

அயர்லாந்தில் அன்று பார்ம்பிராக் என்ற உலர்பழ ரொட்டி சுட்டு, உள்ளே மோதிரமும் காசும் ஒளித்து வைப்பார்கள். மோதிரம் கிடைத்தவருக்கு அடுத்து கல்யாணம், காசு கிடைத்தவருக்குப் பணம். காசைத் தாளில் சுற்றி ரொட்டிக்கு அடியில் செருகி நாங்களும் செய்து பார்த்தோம். காசு மாமியாருக்குக் கிடைத்தது. பர்ஸில் இன்னும் வைத்திருக்கிறார்.

1950-ல் பிலடெல்பியாவில் சில குழந்தைகள் மிட்டாயோடு கூட, பால் அட்டைப்பெட்டியில் மற்ற நாட்டுக் குழந்தைகளுக்காகச் சில்லறைக் காசும் சேர்த்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் ஹாலோவீனன்று குழந்தைகள் காசு சேர்க்கும் யுனிசெஃப் (ஐ.நா. குழந்தைகள் அமைப்பு) உண்டியல்.

தீபாவளியும் ஹாலோவீனும் சேர்ந்து வந்தால்?

2024-ல் இரண்டும் அக்டோபர் 31-லேயே வந்தன. விடியற்காலை எண்ணெய்க் குளியல், மாலையில் பூசணி விளக்குக்குப் பக்கத்தில் அகல் விளக்கு. அதிரசம், சாக்லேட் இரண்டும் ஒரே வயிற்றில். அன்று கணக்குப் பார்க்கவே இல்லை.

முடிந்த பிறகு பூசணியை என்ன செய்வது? சமைக்கலாமா?

முகம் வெட்டி வாசலில் வைத்ததைச் சமைக்காதீர்கள். மூன்று, நான்கு நாளில் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும். ஆகவே அக்டோபர் 28-க்கு முன் வெட்டவும் வேண்டாம். வெட்டுவதற்கென்று விற்கும் பெரிய பூசணி நாரும் நீருமாக இருக்கும், ருசியும் இல்லை. கூட்டுக்கும் சாம்பாருக்கும் பை பம்ப்கின் என்று விற்கும் சின்னதைத் தனியாக வாங்குங்கள். பரங்கியர் கொண்டுவந்ததால் பரங்கிக்காய் என்று நாம் பெயர் வைத்த காய்க்கு இந்த அமெரிக்கக் கண்டம்தான் பூர்வீகம். இங்கே அதை வைத்துப் புளிக்குழம்பு வைக்கும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

வாசல் பூசணியைக் கொல்லையில் உரக்குழியில் போடலாம், மெழுகையும் சாயத்தையும் எடுத்துவிட்டு. எங்கள் வீட்டில் பாதி வேலையை அணில் முடித்துவிடுகிறது. மிளகாய்த்தூள் தூவிப் பார்த்தும் பயனில்லை. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: ஊர் வழக்கத்தில் திருஷ்டி சுற்றி நடுத்தெருவில் போட்டு உடைப்பது. இங்கே அது மிஸ்சிஃப் நைட் பையன்கள் செய்கிற வேலை.